பெயிண்ட் வேண்டாத வட்டம்

மோட்டார் சுவிட்ச் பெட்டிக்கு என்ன நிறம் வேண்டும் என்று அண்ணியிடம் நான் கேட்டிருக்கவே கூடாது. சாம்பல் நிறம் என்று நானே முடிவுசெய்து ஆர்டர் போட்டிருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் புடவைக்கு டிசைன் போட்டுப் பிழைக்கிறவனுக்கு அந்தப் புத்தி எங்கே விடுகிறது? வாங்குகிறவர் கையில் கலர் கார்டைக் கொடுத்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். செல்போனில் பெட்டி செய்கிற கடையின் கலர் பட்டியலைத் திறந்து நீட்டினேன். அண்ணி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பச்ச நல்லாக்கீது, தம்பி. இதுலயே போடச் சொல்லு."

அது அதே பச்சை.

"பச்சையில துரு வந்தா அசிங்கமா தெரியும் அண்ணி. சாம்பல் கலர் போட்டுடலாமே?"

"வீட்ல கொழந்த பொறக்கப்போவுது, இன்னாத்துக்கு சாம்பலு? பச்சையே போடு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

நான் ஆரணியில் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். பார்டரும் முந்தானையும் கட்டம் கட்டமாகத் திரையில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். வேலை ஒழிந்த நேரத்தில் சர்க்யூட் போர்டில் பற்றுவைப்பது என் பைத்தியம். நூல் அறுந்தால் கூவுகிற அலாரம், கோயில் மைக்குக்கு ஆம்ப்ளிஃபயர், தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற கருவி என்று ஏதாவது ஒன்று என் மேஜையில் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். என் மனைவிக்கு அவற்றைப் பார்த்தாலே குமட்டும். "உள்ள இருக்கிறத மூடிக் குடுங்க, அப்புறம் பேசுங்க" என்பாள். அவளுக்காகத்தான் முதன்முதலில் பெட்டி செய்து தருகிற கடையைத் தேடினேன். நாம் படம் வரைந்து அனுப்பினால் போதும். தகட்டை வெட்டி, மடித்து, ஓட்டை போட்டு, பவுடர் கோட்டிங் கொடுத்து, மேலே எழுத்தும் அச்சடித்துப் பார்சலில் அனுப்பிவிடுவார்கள். சுவிட்சுக்கு இங்கே இத்தனை அளவில் ஓட்டை, விளக்குக்கு அங்கே என்று வரைவது எனக்குப் புடவைக் கரையில் தாழம்பூ ரேக்கு வரைவதைவிடச் சுலபம். தமிழ் எழுத்து உடைந்து வரும் என்பதால் எழுத்தையும் படமாகவே அனுப்பிவிடுவேன். பெட்டி வந்ததும் தடவிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையைத் தடவுவது போல அவ்வளவு வழவழப்பாக இருக்கும்.

ஆனால் என் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு வட்டம் இருக்கும். எர்த் கம்பி மாட்டுகிற போல்ட்டைச் சுற்றி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அதன் பக்கத்தில் 'இங்கே பெயிண்ட் கூடாது' என்று எழுதுவேன். இரும்புப் பெட்டிக்குள் கரண்ட் கம்பி எங்காவது இரும்பைத் தொட்டுவிட்டால், அந்தக் கரண்ட் எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு ஓடிவிட வேண்டும். ஓடினால் ஃபியூஸ் போகும், ஆள் பிழைப்பான். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் பெயிண்ட் இருந்தால் அது ஓட முடியாது. பெட்டியிலேயே நின்றுகொண்டிருக்கும், யாராவது வந்து தொடுகிற வரைக்கும்.

என் அண்ணன் தொட்டார்.

அண்ணனுக்குப் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிற தொழில். வீட்டுக்குப் பின்னாலேயே சாயக் கொட்டகை, அதற்குள்ளேயே போர்வெல் மோட்டார். நாள் முழுக்க ஈரக்காலோடு நிற்பார். அவர் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அன்றைக்கு யாரோ கல்யாணத்துக்காக அரக்கு நிறம் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் போதவில்லை என்று மோட்டாரைப் போடப் போனவர் பெட்டியில் கை வைத்தபடியே விழுந்துவிட்டார். நாங்கள் குளிப்பாட்டும்போது எவ்வளவு தேய்த்தும் அந்த அரக்கு நகக்கண்ணிலிருந்து போகவே இல்லை. இன்றைக்கும் முகூர்த்தப் புடவைக்கு அரக்கில் டிசைன் கேட்டால் நான் திரையைக் கொஞ்ச நேரம் அணைத்துவைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்ததும் எல்லோரும் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் கொட்டகைக்குப் போனேன். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் உட்கார முடியவில்லை. மெயினை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எலி கடித்து ஒரு கம்பியின் தோல் போயிருந்தது, செம்பு இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் எர்த் என்ன செய்தது? வெளியே இருந்த போல்ட்டின் நட்டைக் கழற்றினேன். அடியில் பச்சை பெயிண்ட். புதுசாக, இரண்டு கை, ஒரு சொட்டு வழியாமல்.

அதற்கு முந்தின ஆயுத பூஜைக்கு அண்ணி கொட்டகையில் இருந்த எல்லா இரும்புக்கும் பெயிண்ட் அடித்திருந்தார். ஆரணியில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. தறியைத் துடைப்பார்கள், தராசைத் துடைப்பார்கள், துருப்பிடித்ததற்கெல்லாம் ஒரு கை பெயிண்ட் அடித்துப் பொட்டு வைப்பார்கள். மற்றவர்கள் நட்டின் மேலேயே பூசிவிட்டுப் போவார்கள், அதனால் ஒன்றும் கெடாது. அண்ணி அப்படி இல்லை. கதவுக்குப் பெயிண்ட் அடித்தால்கூடக் கொண்டியைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கிற கை அது. நட்டைக் கழற்றி, கம்பியை ஒதுக்கி, அடியில் பூசி, காயவிட்டு, மறுபடி முடுக்கியிருக்கிறார். அவ்வளவு சுத்தமான வேலை.

கொட்டகையில் கிடந்த கத்தியை எடுத்துச் சுரண்டினேன். வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டி, கம்பியை மாட்டி நட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்தேன். "எலி கடிச்சிருக்கு" என்றேன். எல்லோரும் எலியைச் சபித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கொலைப்பழியைச் சுமப்பது ஓர் எலி. அதைத் தப்பு என்று நான் இன்றுவரை நினைத்ததில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், நீ பூசிய பெயிண்ட்தான் என்று சொல்ல எனக்கு என்ன கல் மனசா? அண்ணியின் வீட்டில் பொறியில் எலி விழுந்தால் அதன் எதிரே உட்கார்ந்து, "பாவி, ஒரு குடும்பத்தையே தின்னியே" என்று கேட்பார். நான் பக்கத்தில் இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கொட்டகையைப் பூட்டினார்கள். அதன் பிறகு அந்த மோட்டார் ஓடவில்லை. அண்ணி தெருக்குழாயில் பிடித்து, பக்கத்து வீட்டில் வாங்கி, இப்படியே காலத்தை ஓட்டினார். ஆனால் எனக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் ஐஸ்க்ரீம் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எர்த் பார்ப்பேன். தேவிகாபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய், ஜெனரேட்டர்காரனோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் திரும்பியிருக்கிறேன். இன்னும் கம்பியே மாட்டாத, பார்சலிலிருந்து அப்போதுதான் எடுத்த பெட்டியைக்கூட முதலில் புறங்கையால்தான் தொடுவேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது அண்ணியின் மகள் போளூரிலிருந்து பிரசவத்துக்குத் தாய் வீடு வருகிறாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் எந்த மூலைக்கு? அண்ணிக்கு முட்டி வலி வேறு. "அந்த மோட்டார உயிர் குடுத்துக் குடு தம்பி, நீதான் பெட்டியெல்லாம் செய்றியே" என்று அவரே கேட்டார். மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? முதலில் பிளாஸ்டிக் பெட்டி வைத்தேன். அதில் பயமே இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மூலையைக் கொறித்து வைத்திருந்தது எலி. பழி போட்டதற்கு வஞ்சம் தீர்க்கிறதோ என்று தோன்றியது. இரும்புதான் என்று ஆகிவிட்டது. மீட்டர் பலகையில் ஷாக் அடித்தால் தானாக விழுகிற பிரேக்கர் ஒன்றும் போட்டேன். இருந்தும் படத்தில் அந்த வட்டத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை தடிமனாக வரைந்தேன்.

எனக்கு இரண்டு கவலை. வட்டத்தில் பெயிண்ட் இருந்தால் அண்ணியின் மகளுக்கு ஆபத்து. ஏன் பெயிண்ட் இல்லை என்று அண்ணிக்குத் தெரிந்தால், அவர் மிச்சக் காலம் எப்படித் தூங்குவார்?

படம் அனுப்பியதும் கடையில் புதுசாகச் சேர்ந்த ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், அடியில ஒரு சர்க்கிள் போட்டிருக்கீங்களே, அது ஹோலா?"

"ஹோல் நடுவுலமா. அதச் சுத்தி பெயிண்ட் இருக்கக் கூடாது. டேப் ஒட்டிட்டு கோட்டிங் குடுங்க."

"வெளிப்பக்கம் சார் அது. பாக்கறவங்க டேமேஜ்னு நினைப்பாங்களே?"

"நினைச்சுட்டுப் போறாங்க."

"துருப்பிடிக்கும் சார்."

"பிடிச்சா நான் துடைக்கிறேன், நீங்க பெயிண்ட் மட்டும் அடிக்காதீங்க, புண்ணியமாப் போவும்."

எதிர்முனையில் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நோட் பண்ணிக்கிறேன் சார்" என்றாள்.

பகலில் எங்கள் வீடு பூட்டியிருக்கும் என்பதால் பார்சலுக்கு அண்ணி வீட்டு முகவரிதான் கொடுப்பது வழக்கம். வந்தால் பிரிக்காமல் வையுங்கள் என்று இந்தத் தடவை சொல்லியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனால், பெட்டி சாமி படத்துக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருக்கிறது, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு. பளபளவென்று பச்சை. 'கரண்ட்', 'தண்ணீர்', 'மோட்டார்' என்று வெள்ளையில் அழகாக அச்சடித்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். வட்டம் இல்லை. போல்ட் ஓட்டையின் விளிம்பு வரைக்கும் பச்சை மூடியிருந்தது.

வாசலுக்கு வந்து அந்தக் கடைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது. பாவம், அவள் அழாத குறையாகச் சொன்னாள்: "டேப் ஒட்டித்தான் சார் அனுப்பினோம். கோட்டிங் போடற அண்ணன், ஒரு எடம் விட்டுப் போயிடுச்சேன்னு, உங்களுக்காக மறுபடி சூடு பண்ணி ஃபில் பண்ணிக் குடுத்திருக்காரு சார். எக்ஸ்ட்ரா கூட கேக்கல."

முகம் தெரியாத ஒருவர், நமக்கு நல்லது செய்கிறோம் என்று, குறையில்லாமல் மூடிக் கொடுத்திருக்கிறார். திட்டவும் முடியவில்லை. அண்ணியும் இப்படித்தானே செய்தார் என்று நினைத்ததும் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் வைத்துச் சுரண்டலாம் என்று நினைத்து, பெட்டியை எடுத்துப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்; அண்ணி விடவில்லை. "வந்த பெட்டிய வெளிய தூக்கினு போவாத, இன்னைக்கே மாட்டிடு. அவ நாளான்னிக்கு வந்துடுவா" என்றார். கொட்டகைக்குள் போனேன். சாயத் தொட்டிகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. சுவரில் பழைய பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அண்ணியைக் கொஞ்சம் அப்புறப்படுத்த வேண்டும் என்று டீ கேட்டேன். அவர் உள்ளே போனதும் அரத்தை எடுத்தேன்.

பவுடர் கோட்டிங் சாதாரண பெயிண்ட் மாதிரி உரியாது. இரும்போடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். அழுத்தித் தேய்க்கத் தேய்க்கப் பச்சைத் தூள் சிமெண்ட் தரையில் உதிர்ந்தது. அந்தத் தூளைப் பார்த்ததும் எனக்கு அந்த நாளே திரும்பி வந்துவிட்டது. முன்பக்கம் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், நான் கத்தியோடு இங்கே குந்தியிருக்கிறேன், தொட்டியில் அண்ணன் பாதியில் விட்ட அரக்கு நூல் ஊறிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்தால் தொட்டிக்குப் பக்கத்தில் ஈரக்கால் தடம் இருக்குமோ என்று பயந்து நான் நிமிரவே இல்லை. படித்தவன், சர்க்யூட் போடுகிறவன், பட்டப்பகலில் அப்படிப் பயந்தேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"இன்னாத்த தேச்சிகினு கீற?"

அண்ணி டீயோடு பின்னால் நின்றார். எனக்கு அரம் கையிலிருந்து நழுவிவிட்டது.

"ஒண்ணுமில்ல அண்ணி. பெயிண்ட் மொத்தமா அடிச்சுட்டானுங்க. நட்டு சரியா உக்காரல."

அண்ணி பெட்டியைப் பார்த்தார். வட்டத்தை விரலால் ஒரு சுற்று சுற்றினார். "அழகா இருந்துச்சி" என்றார். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துவந்து தரையில் இருந்த பச்சைத் தூளை ஒன்றுவிடாமல் கூட்டி முறத்தில் அள்ளினார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் முறத்தோடு வெளியே போய்விட்டார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியை மாட்டினேன். எர்த் கம்பியை முடுக்கினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். மோட்டாரைப் போட்டதும் அது இருமி இருமிக் கலங்கல் தண்ணீரைத் துப்பி, பிறகு தெளிந்தது. அண்ணி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. எட்டியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னபடி மகள் வந்து இறங்கினாள். மறுநாள் நான் அவளைப் பார்க்கப் போனபோது மூன்று பேருமாகக் கொட்டகைக்குப் போனோம். அவளுக்கு அப்பாவின் கொட்டகை பள்ளிக்கூட வயசில் பார்த்தது. ஒவ்வொரு தொட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியிடம் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சித்தப்பா, சூப்பரா இருக்கு! கடையில வாங்கின மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். "ஐயோ, இங்க பெயிண்ட் உரிஞ்சிருக்கே. வரும்போதே இப்பிடியா?"

"அது... அப்படித்தான்மா வரும்."

"பரவால்ல விடுங்க. இதே பச்சை நம்ம பெயிண்ட் கடையிலயே கிடைக்கும். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாத்துக்கும் அடிப்போம் இல்ல? அப்ப அந்த நட்டக் கழட்டிட்டு, அடியில நல்லா ஒரு கை அடிச்சிட்டு மாட்டிடறேன். உரிஞ்சதே தெரியாது."

நட்டைக் கழற்றிவிட்டு. மற்ற எந்த வீட்டுப் பெண்ணும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். "கேரண்டி போயிடும்மா" என்றேன். அதைவிடக் கேவலமான பொய் எனக்குக் கிடைக்கவில்லை.

அவள் சிரித்தாள். "நீங்களே செஞ்ச பெட்டிக்கு நீங்களே கேரண்டியா? ஒரு சொட்டு பெயிண்ட்ல என்ன ஆயிடப் போவுது சித்தப்பா?"

"அங்க அடிக்கக் கூடாதுடி" என்றார் அண்ணி.

வாசற்படியிலிருந்து உள்ளே வந்திருந்தார். குரல் சாதாரணமாக, குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நான் அடிச்சேன். இப்ப நீ சொன்ன மாதிரியேதான், நட்டக் கழட்டிட்டு. அதுலதான் உங்கப்பா பூட்டாரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எலின்னு சொன்னீங்களே, சித்தப்பா" என்றாள்.

அண்ணிதான் சொன்னார்: "எலி கடிச்சது நெசந்தான். கடிச்ச எடத்துக் கரண்ட்டு மண்ணுக்குப் போவ இருந்த வழிய நான் அடச்சிட்டேன். உங்க சித்தப்பா சொரண்டிப் போட்ட பச்சத் தூள அன்னிக்கும் நான்தான் கூட்டினேன். அப்புறம் ஃபேன் மாட்ட வந்த ஆளாண்ட கேட்டேன், அந்த எடத்துல பெயிண்டு இருந்தா இன்னா ஆவும்னு. அவன் சொன்னான்."

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ அவ்ளோ பாடுபட்டு எனக்குத் தெரியாம பாத்துகினு கீற. தெரியும்னு சொன்னா என் மூஞ்சில முழிக்க முடியாம நீ இந்த வீட்டுப் பக்கமே வரமாட்ட. இவளாண்டயும் சொல்லாம பூடலாம்னுதான் இருந்தேன். இவ கழட்டிப் பூசறவளாச்சே, தம்பி."

அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை. பெட்டியிலிருந்து ஓரடி தள்ளிப் போனாள், அவ்வளவுதான். மாடியில் தண்ணீர்த் தொட்டி காலியாகத்தான் இருந்தது. மோட்டாரைப் போட வேண்டும். அவள் கையை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை. அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், சுவிட்சை அமுக்கினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. பிறகு அவர் பெயிண்ட் இல்லாத அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, தொட்டி நிறைகிற வரைக்கும் எடுக்காமல் நின்றார்.